தெஹிவளையில் எந்தக் கூட்டின் முன்னால் நிற்பது?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: களுவாஞ்சிக்குடியிலிருந்து இரண்டு சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போக யோசிக்கிறீர்கள். அங்கே அரிய மிருகங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். 300 கிலோமீட்டருக்கு மேல் காசு செலவழித்துப் போவதற்கு அது பெறுமதியா? அப்படி ஒன்றை நம் பக்கத்திலேயே கட்டினால் என்ன? கடைசியாக ஒரு வரியில், மிருகத்தை அடைத்து வைத்துப் பார்ப்பது பாவம் என்று மாமி சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. செலவு மட்டும்தான் பிரச்சினை என்றால் இதற்குள் ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருப்பீர்கள்.

நான் பேராதனையில் மிருக வைத்தியம் படித்தவன். மட்டக்களப்பிலும் பிறகு அம்பாறையிலும் அரச மிருக வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றேன். மாடு, எருமை, ஆடு, கோழி, இவைதான் என் தொழில். காட்டு மிருகங்கள் என் தனித்துறை இல்லை. ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வேலை பார்த்தவனுக்குக் காடும் வயலும் பட்டியும் வேறு வேறாக இருப்பதில்லை. படிக்கிற காலத்தில் தெஹிவளைக்குப் போய் அங்குள்ள வைத்தியர்களோடு நின்று கற்றிருக்கிறேன். பிறகு பிள்ளைகளோடும், இப்போது பேரப்பிள்ளைகளோடும் போகிறேன். என் பதில், போங்கள் என்பதுதான். ஆனால் சிங்கத்துக்காகப் போக வேண்டாம்.

அந்த இடம் எப்படி உருவானது என்று தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஹாகன்பெக் என்று ஒரு குடும்பம். உலகமெங்கும் காட்டு மிருகங்களைப் பிடித்து வாங்கி விற்பது அவர்களுடைய வியாபாரம். அதில் மூத்தவரான கார்ல் ஹாகன்பெக்தான் 1907இல் கம்பி இல்லாமல், அகழி வெட்டி மிருகங்களைத் திறந்த வெளியில் காட்டும் முறையைத் தொடங்கிப் பேர் பெற்றவர். அவருக்குத் தம்பி முறையான ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் குடியிருந்து அதே தொழிலைச் செய்தார். 1920களின் பிற்பகுதியில் அவர் தெஹிவளையில் வைத்திருந்த இடம், கப்பல் வரும்வரை மிருகங்களை நிறுத்தி வைக்கும் இடம்தான். ஐரோப்பிய நகரங்களின் காட்சிசாலைகளுக்குப் போக வேண்டிய யானையும் சிறுத்தையும் அங்கே காத்திருந்தன. 1936இல் அந்தக் கம்பனி மூடப்பட, அரசாங்கம் அந்த 11 ஏக்கரையும் வாங்கிக்கொண்டது. ஒப்ரி வைன்மன் பொறுப்பேற்று அதை ஒரு பொதுத் தோட்டமாக வளர்த்தார். அவருக்குப் பின் வந்தவர் லின் டி அல்விஸ். இவரைப் பற்றி நம் ஆட்களுக்கு அதிகம் தெரியாது என்பது எனக்கு எப்போதும் ஒரு குறை. 1973இல் திறந்த சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலையையும், 1994இல் அதன் பக்கத்திலேயே வந்த இரவு சஃபாரியையும் திட்டமிட்டுக் கொடுத்தவர் இந்த மனிதர். இன்று உலகமே போய்ப் பார்க்கிற அந்த இடங்களுக்கான அனுபவம் தெஹிவளையில் சேர்ந்தது.

ஆனால் தெஹிவளைக்கு நிலம் இல்லை. பிறகு கொஞ்சம் சேர்த்தும் 20 ஏக்கரைச் சற்றுத் தாண்டியதோடு நின்றுவிட்டது. சுற்றிவர வீடும் கடையும் வாகனமும். நம் ஊரில் ஒரு நடுத்தர விவசாயக் குடும்பத்தின் வயல்களைச் சேர்த்தால் அந்த அளவு வந்துவிடும். 2015இல் பின்னவலையிலும் 2016இல் ரிதியகமையிலும் பெரிய நிலங்களில் புதிய இடங்கள் திறக்கப்பட்டதற்கு இந்த நெருக்கடி ஒரு முக்கிய காரணம். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு போனால், அங்கே எதைக் குறை சொல்வது, எதை மெச்சுவது என்று உங்களுக்கே தெளிவாகும்.

இனி அரிய மிருகங்களுக்கு வருவோம். எந்தக் காட்சிசாலையிலும் வெள்ளைப் புலி இருந்தால் கூட்டம் அங்கேதான் நிற்கும். ஆனால் வெள்ளைப் புலி என்று ஒரு தனி இனம் கிடையாது. சாதாரண வங்கப் புலிக்கு, தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒரே மறைந்த பரம்பரைக் கூறு வந்து சேர்ந்தால் தோல் வெள்ளையாகும். 1951இல் இந்தியாவில் ரேவா மகாராஜா பிடித்த மோகன் என்ற ஒரு குட்டியின் வழியில்தான் காட்சிசாலைகளின் வெள்ளைப் புலிகள் பெரும்பாலும் வந்தன. நிறத்தைக் காப்பாற்ற நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, மாறுகண்ணும் வேறு பிறவிக் குறைகளும் வந்தன. இது ஊகம் இல்லை, பதிவாகியிருக்கும் விஷயம். பிள்ளைகள் ஆசைப்பட்டால் பார்க்கட்டும், அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அரிய மிருகத்தைப் பார்த்துவிட்டோம் என்று வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டாம்.

நான் நிற்கும் கூடுகள் வேறு. அவற்றின் முன்னால் பெரும்பாலும் ஆள் இருக்காது. முதலாவது மீன்பிடிப் பூனை. நம் வீட்டுப் பூனையைப்போல இரண்டு மூன்று மடங்கு எடை. பழுப்பும் சாம்பலும் கலந்த உடலில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், கட்டையான வால், தலையோடு ஒட்டிய சின்னக் காது. பிள்ளைகளிடம் அதன் முன்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்களுக்கு நடுவே கொஞ்சம் சவ்வு இருக்கும். நகத்தை வீட்டுப் பூனை மாதிரி முழுதாக உள்ளே இழுக்க அதனால் முடியாது, நுனி வெளியே தெரிந்தபடி இருக்கும். மயிர் இரண்டு அடுக்கு. உள்ளே இருக்கும் அடுக்கு அவ்வளவு நெருக்கம் என்பதால், தண்ணீரில் இறங்கினாலும் தோல் நனையாது. கரையில் இருந்து கையால் தண்ணீரை மெல்லத் தட்டும். மீன் பக்கத்தில் வந்தால் தலையோடு பாய்ந்துவிடும். இந்த மிருகம் கொழும்பு நகரத்தைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களிலும் சுதந்திரமாக வாழ்கிறது. நம் வாவிக்கரைக் கண்ணாக் காட்டுக்குள்ளும் குளத்துப் புல்லுக்குள்ளும் இருப்பதும் இதுதான். கோழியைப் பிடித்ததென்று ஊரில் அடித்துக் கொன்று என்னிடம் கொண்டுவந்து, இது சிறுத்தைக் குட்டியா ஐயா என்று கேட்டிருக்கிறார்கள். உலக அளவில் ஆபத்துக்குள்ளாகக்கூடியது என்று பட்டியலிட்ட இனம் அது.

அடுத்தது துரும்பன் பூனை என்று புத்தகத்தில் எழுதுகிற சின்னக் காட்டுப் பூனை. உலகத்திலேயே மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று. நன்றாக வளர்ந்த பிறகும் ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்டத்தான் நிற்கும். இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் இல்லை. முதுகில் துருப் பிடித்த நிறத்தில் புள்ளிகள் இருக்கும். கண் முகத்துக்குப் பெரிதாகத் தெரியும். கூட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே நேரம் போகும். பொறுமையாகத் தேடுங்கள், மேலே மரக்கிளையைப் பாருங்கள். மூன்றாவது தேவாங்கு. நம் உலர் வலயத்தில் இருப்பது சாம்பல் தேவாங்கு, எடை 300 கிராமுக்குள். வால் இல்லை. ஒரு கிளையைப் பிடித்தால் மணிக்கணக்காக விடாமல் பிடித்திருக்கும். கை கால்களில் இரத்தக் குழாய்கள் வலைப்பின்னலாக இருப்பதால் தசை சோர்வதில்லை. இந்தப் பாவப்பட்ட பிராணியின் கண்ணை மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் என்று பிடுங்கிய கொடுமை இந்த நாட்டில் நடந்தது. அதன் கண்ணில் எந்த மருந்தும் இல்லை.

சிறுத்தையைச் சொல்லாமல் விட முடியாது. இலங்கைச் சிறுத்தை இந்தத் தீவில் மட்டுமே காட்டில் வாழும் தனி உள்ளினம். இங்கே புலியும் சிங்கமும் இல்லாததால் காட்டின் உச்சியில் இருப்பது இதுதான். முழு வளர்ச்சி அடைந்தவை ஆயிரத்துக்கும் குறைவு என்பதுதான் இப்போதைய மதிப்பீடு. மதிப்பீடு என்று சொல்வதைக் கவனியுங்கள். காட்டுச் சிறுத்தையைத் தலை எண்ணிச் சொல்ல யாராலும் முடியாது. ஐரோப்பாவில் பல காட்சிசாலைகள் சேர்ந்து இந்த உள்ளினத்துக்கென ஒரு வம்சாவளிப் பதிவேடு வைத்து, எது எதோடு சேரலாம் என்று கணக்குப் பார்த்துப் பெருக்குகின்றன. உறவுக்குள் சேராமல் பார்ப்பதுதான் அதன் உயிர்நாடி. பட்டியில் ஒரே நாம்பனை வருடக்கணக்காக வைத்திருந்தால் கன்றுகள் எப்படி மெலிந்து போகும் என்று நம் மாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இப்போது மாமியின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வதை நான் தள்ளிவிடமாட்டேன். ஒரு மிருகம் கூட்டுக்குள் ஒரே தடத்தில் போவதும் வருவதுமாக இருந்தால், தலையை ஓயாமல் ஆட்டிக்கொண்டு நின்றால், அது மனம் கெட்டுப்போனதன் அடையாளம். பிள்ளைகள் அதை ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டுவார்கள். அது ஆட்டம் இல்லை என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். யானையும் சிம்பன்சியும் 20 ஏக்கர் நகரத் தோட்டத்தில் இருக்க வேண்டிய பிராணிகள் இல்லை என்பது என் உறுதியான கருத்து. தெஹிவளையின் மாலை நேர யானைக் காட்சி எங்கள் தலைமுறைக்கு இனிமையான நினைவுதான். ஆனால் ஒரு யானையைப் பின்னங்காலில் நிற்க வைக்க அதற்கு எப்படிப் பழக்குகிறார்கள் என்று தெரிந்த பிறகு என்னால் அதை ரசிக்க முடியவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மான் இனத்தில் காட்டில் எஞ்சியிருந்த கடைசி மிருகங்கள் 1972இல் ஓமானில் வேட்டையாடப்பட்டன. அதற்குப் பத்து வருடம் முன்பே சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரக் காட்சிசாலை முதலிய இடங்களில் பெருக்கி வைத்திருந்ததால், 1982இல் அதே ஓமானில் திரும்பவும் காட்டுக்கு விட முடிந்தது. காட்சிசாலை இல்லையென்றால் அந்த இனம் இன்று இல்லை. ஆனால் அடைத்து வைத்தால் மட்டும் காப்பாற்றிவிடலாம் என்றும் நினைக்கக்கூடாது. தெஹிவளை அரசாங்கத்தின் கைக்கு வந்த அதே 1936இல், செப்டம்பர் 7ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் ஹோபார்ட் காட்சிசாலையில் கடைசித் தஸ்மேனியப் புலி கூட்டுக்குள்ளேயே செத்தது. அந்த இனத்தைக் காப்பாற்றச் சட்டம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சோடி இல்லை, போய் வாழக் காடும் விட்டுவைக்கப்படவில்லை. ஆகவே மாமியிடம் இப்படிச் சொல்லலாம்: பெருக்கவும் திரும்ப விடவும் திட்டம் இருந்தால், அல்லது அடிபட்டு இனிக் காட்டில் பிழைக்க முடியாத மிருகத்தைப் பராமரித்தால், அடைத்து வைப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. வெறும் வேடிக்கைக்கு என்றால் மாமி சொல்வது சரி. தெஹிவளையில் இரண்டும் கலந்துதான் இருக்கிறது. பிள்ளைகள் காட்சிசாலையைப் பார்த்தால் மிருகங்கள்மீது அன்பு வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். சில பிள்ளைகளுக்கு வருகிறது. எல்லாருக்கும் வரும் என்று நான் சொல்லமாட்டேன். கூடப் போகிற பெரியவர் என்ன பேசுகிறார் என்பதில்தான் அது பெரும்பாலும் தங்கியிருக்கிறது.

நம் பக்கத்தில் ஒரு மிருகக்காட்சிசாலை கட்டலாமே என்று கேட்டீர்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. தெஹிவளையில் கூட்டுக்குள் பார்ப்பதில் பாதி இங்கே வெளியே இருக்கிறது. 1954இல் அறிவித்த கல்லோயா தேசியப் பூங்கா கிட்டத்தட்ட 26,000 ஹெக்டேயர். பொத்துவிலுக்குப் பக்கத்தில் லாகுகல சிறிய பூங்காதான். ஆனால் வரட்சி தொடங்கி ஆடி, ஆவணியில் குளம் வற்றும்போது, அங்கே வளரும் பேரு என்ற புல்லுக்காக யானைக் கூட்டம் இறங்குவதைப் பெருந்தெருவிலிருந்தே பல தடவை பார்க்கலாம். பாணமையையும் உகந்தையையும் தாண்டினால் குமண தேசியப் பூங்கா. சிறுத்தையும் கரடியும் அங்கே உண்டு. சித்திரை முதல் ஆடி வரை வில்லு என்கிற சதுப்புக் குளத்தில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் நம் சனங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த காடு அதுதான்.

இந்தக் காடுகள் உள்ள அதே அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்தில் குப்பை மேடு ஒன்று இருக்கிறது. அங்கே பிளாஸ்டிக்கைத் தின்ற யானைகள் எட்டு வருடத்தில் சுமார் இருபது செத்ததாக 2022இல் செய்தி வந்தது. குப்பையில் சாப்பாட்டு மணம் இருக்கும், யானை பையைப் பிரித்துத் தின்னாது, பையோடு விழுங்கும். குடல் அடைத்துப் பட்டினியால் சாகும். இதே சாவை நான் மாடுகளில் பார்த்திருக்கிறேன். வயிற்றைத் திறந்தால் கயிறு மாதிரி முறுக்கேறிய ஷொப்பிங் பைகள் வரும். பிறகு, பன்றிக்கு வைக்கிற வாய்வெடி. சோளத்துக்குள்ளோ பூசணிக்குள்ளோ வெடிமருந்தைச் சுற்றி வைப்பார்கள், ஹக்கப்பட்டாஸ் என்று சிங்களத்தில் சொல்வது. படுவான்கரையில் ஒருவர் விடியற்காலையில், “ஐயா, பசு வாய் திறக்குதில்ல” என்று கூப்பிட்டுப் போய்ப் பார்த்தால், கீழ்த்தாடை இரண்டாகப் பிளந்து நாக்குத் தொங்குகிறது. கன்றும் பக்கத்தில் நிற்கிறது. எங்களால் செய்ய முடிந்தது வலியை நிறுத்துவது மட்டும்தான். யானைக் கன்றுக்கு இது நடந்தால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் நாட்கணக்கில் அலைந்து சாகும். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் மீன்பிடிப் பூனையும் சிறுத்தையும் விழுகின்றன. 2020இல் மலைநாட்டில் நல்லதண்ணிப் பக்கம் ஓர் அபூர்வமான கருஞ்சிறுத்தை இப்படிச் சுருக்கில் மாட்டி, மீட்டும் பிழைக்காமல் போனது. காசு இருந்தால் கூடு கட்டுவதைவிட இவற்றை நிறுத்தவும், அடிபட்ட மிருகத்துக்கு வைத்தியம் பார்க்கவும் செலவழிக்க வேண்டும் என்பேன். விவசாயியின் நட்டத்துக்கு ஒழுங்கான வழி காட்டாமல் அவரைத் திட்டுவதிலும் பயனில்லை. பெரும்போகத்தை யானை ஒரே இரவில் மிதித்துவிட்டுப் போன வயலில் நின்று பார்த்தால் அவருடைய கோபம் விளங்கும்.

சரி, போவதற்கான சில விஷயங்கள். இரவு ரயிலில் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால், அங்கிருந்து கரையோர ரயிலில் தெஹிவளை ஸ்டேஷன், பிறகு ஓட்டோ. வாசல் திறக்கும் நேரத்துக்கே உள்ளே போங்கள். சிறு பூனைகளும் தேவாங்கும் இரவுப் பிராணிகள், மத்தியான வெயிலில் சுருண்டு படுத்திருக்கும். காலையிலும் பின்நேரத்திலும்தான் அசைவு தெரியும். எந்த மிருகம் இன்றைக்குக் காட்சிக்கு இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். நான் சொன்னவை எங்கே இருக்கின்றன என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு, முதலில் அங்கே போய்விடுங்கள், சிங்கம் பிறகு. பிள்ளைகளுக்குத் தடிமன், காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். குரங்கினங்களுக்கு நம் தடிமன் தொற்றும். 2021 ஜூனில் தெஹிவளையில் தோர் என்ற சிங்கத்துக்கே கொவிட் வந்தது. பிஸ்கட் போட வேண்டாம், கண்ணாடியில் தட்ட வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு அடுத்த அறுவடையின்போது வயலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஒன்றைச் சொல்லி வையுங்கள். வெட்டு மெசின் போகும்போது வரம்போரப் புல்லுக்குள் பூனைக்குட்டி மாதிரி ஏதாவது கிடந்தால், தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். பெரும்பாலும் தாய் பக்கத்தில்தான் பதுங்கியிருக்கும், சத்தம் அடங்கி இருட்டியதும் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும். மெசினை அந்த மூலையில் நிறுத்தச் சொல்லி, அந்தத் துண்டை மறுநாளைக்கு விட்டுவிட்டு, எல்லாரும் விலகிவிட வேண்டும். மறுநாளும் குட்டி அங்கேயே கத்திக்கொண்டு கிடந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அவர்கள் வரும்வரை பசும்பால் கொடுக்க வேண்டாம். அந்தக் குடலுக்கு அது ஒத்துக்கொள்ளாது, வயிற்றோட்டத்திலேயே செத்துப்போகும். ஒரு பெட்டியில் துணி போட்டு இருட்டாக, சூடாக வைத்தால் போதும்.